விர்ச்சுவல் டூர் எடுத்தாச்சு, அதை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான். நங்கநல்லூரில் உங்கள் அப்பா அம்மா குடியிருக்கும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டை விற்க வேண்டும். மகளான நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். காசு கொடுத்து 360 டிகிரி விர்ச்சுவல் டூர், அதாவது திரையிலேயே வீட்டுக்குள் நாலா பக்கமும் சுற்றிப் பார்க்கும் படத் தொகுப்பு, எடுத்தாயிற்று. இருந்தும் ஞாயிறுதோறும் நான்கைந்து குடும்பங்கள் வருகின்றன, ஐந்து நிமிடம் சுற்றிப் பார்க்கின்றன, "சொல்றோம்" என்று கிளம்பிவிடுகின்றன. விடியற்காலையில் எழுந்து வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்தே அம்மாவுக்கு அலுத்துப்போய்விட்டது. டூரை யாரும் பார்க்கவே இல்லையா, விளம்பரத்தில் அதை எங்கே வைப்பது, இல்லை இதெல்லாம் வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னையில் விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பதும், அவற்றுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பதும்தான் என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வீண் செலவு இல்லை. ஆனால் இப்போது அது இருக்கும் இடத்தில் இருந்தும் பயனில்லை. நீங்கள் அனுப்பிய விளம்பர வாசகத்தில் முதலில் ஆஞ்சநேயர் கோயில் எவ்வளவு பக்கம் என்று வருகிறது. அப்புறம் மெட்ரோ, மாடுலர் கிச்சன், விலை, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற குறிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் "விர்ச்சுவல் டூர் உண்டு" என்று ஒரு வரி, அதன் கீழே முக்கால் வரி நீளத்துக்கு ஒரு லிங்க். கைப்பேசியில் பார்ப்பவர் "மேலும் படிக்க" என்பதைத் தட்டினால்தான் அந்த வரியே கண்ணில் படும். வீடு தேடுகிறவர் படங்களைத் தள்ளிப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், பிடித்திருந்தால் உடனே போன் போடுவார். அவ்வளவு கீழே யாரும் இறங்கி வருவதில்லை.

வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போவதற்கு வீட்டில் குறை இருப்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் மனதில் கட்டிக்கொண்டு வந்த வீடு வேறு, இது வேறு. தனித்தனிப் படங்களில் ஹால் அழகாகத் தெரியும், கிச்சன் தெரியும், பெட்ரூம் தெரியும். கிச்சனுக்குப் போக எதைக் கடக்க வேண்டும், சின்ன பெட்ரூமின் கதவு எங்கே திறக்கிறது, பாத்ரூம் வாசல் சாப்பாட்டு மேஜையைப் பார்த்து இருக்கிறதா, பூஜை அலமாரிக்குப் பின்னால் இருப்பது எந்தச் சுவர், இதெல்லாம் படத்தில் தெரியாது. நம் ஊரில் வீடு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பாதிக்குப் பாதி இவைதான் முடிவு செய்கின்றன. டூர் காட்டுவது இந்தத் தொடர்பைத்தான். பார்த்துவிட்டு "இது நமக்குச் சரிவராது" என்று வீட்டிலிருந்தபடியே ஒருவர் விலகிக்கொண்டால் உங்களுக்கு நஷ்டமில்லை. அம்மாவுக்கு ஒரு ஞாயிறு மிச்சம்.

மடிப்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டுக்கு டூர் செய்து கொடுத்திருந்தேன். தொலைவிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம் என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. சாதாரண சக்கர நாற்காலி 25, 26 அங்குல அகலம் இருக்கும். பழைய கட்டடங்களில் பாத்ரூம் கதவு இரண்டடிதான், அதாவது 24 அங்குலம். டூரில் கதவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஓனர் அளந்து சொன்னார்: சட்டத்தின் உள்பக்கம் 27 அங்குலம். அடுத்ததாக, பாத்ரூம் வாசலில் ஒரு படி இருப்பதைக் கண்டுபிடித்து அதன் உயரத்தைக் கேட்டார். அந்த ஒரு படியை எந்தச் சாதாரணப் படத்திலும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அவர் குடும்பம் ஒரே முறை வந்து, ஒரு மணி நேரம் இருந்து, தண்ணீரையும் பத்திரத்தையும் மட்டும் விசாரித்துவிட்டுப் போனது.

சரி, எங்கே வைப்பது?

வெளிநாட்டுத் தளங்களில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வீட்டு விளம்பரத் தளமான ஜில்லோவில் த்ரீடி டூர் உள்ள வீடுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். நம் ஊர்த் தளங்களில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. ஓனர் நேரடியாக இலவசமாகப் போடும் விளம்பரத்தில் படமும் வீடியோவும் ஏற்கிறவர்கள், வெளி லிங்க்கை ஏற்காமல் போகலாம். ஏற்றாலும் அது தட்டினால் திறக்காத வெறும் எழுத்தாக நிற்கலாம். உங்கள் லிங்க் அப்படித்தான் நிற்கிறது, நான் தட்டிப் பார்த்தேன். அதனால் தளத்தின் உதவி எண்ணில் ஒரு கேள்வி கேளுங்கள்: டூர் லிங்க்குக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா, எந்த வகை விளம்பரத்தில்? இருந்தால் அதில் போடுங்கள்.

இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். கைப்பேசியில் டூரைத் திறந்து, வாசலிலிருந்து ஹால், கிச்சன், பெட்ரூம்கள், பால்கனி என்று நிதானமாக நகர்ந்து, திரையை ஒரு நிமிட வீடியோவாகப் பதிவு செய்து, தளத்தின் வீடியோ கட்டத்தில் ஏற்றுங்கள். விளக்கத்தின் முதல் வரியை மாற்றி எழுதுங்கள்: "நேரில் வருமுன் வீடு முழுவதையும் 360 டிகிரியில் பார்க்கலாம், வாட்ஸ்அப்பில் கேளுங்கள், லிங்க் அனுப்புகிறோம்." கோயிலும் மெட்ரோவும் இரண்டாவது வரிக்குப் போகட்டும். நங்கநல்லூரில் கோயில் இருப்பது வாங்க வருகிறவருக்குத் தெரியாததல்ல.

முகப்புப் படமாக டூரின் படத்தை வைக்காதீர்கள். 360 படத்தைத் தட்டையாக்கினால் தரை வளைந்து, சுவர் சாய்ந்து தெரியும். முகப்பில் வெளிச்சமான ஒரு நல்ல ஹால் படம், அடுத்து அறைகளின் அளவு எழுதிய பிளான், மூன்றாவதாக வீடியோ அல்லது டூர். பிளானையும் டூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது முக்கியம். 360 கேமராவின் லென்ஸ் மிக அகலமானது. பத்துக்குப் பத்து அறையைப் பன்னிரண்டுக்குப் பதினாறு போலக் காட்டிவிடும். பக்கத்திலேயே "10 அடி × 10 அடி" என்று இருந்தால் பார்ப்பவர் கட்டில் போட்டுப் பார்த்துவிடுவார். டூருக்குள்ளேயே அறையின் பெயரோடு அளவையும் எழுதிவிடுவது இன்னும் நல்லது. பிளானில் வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். "வாசல் எந்தப் பக்கம் பார்த்தது?" என்ற போன் பாதியாகக் குறையும்.

என் அனுபவத்தில், நம் ஊரில் விளம்பரத்தின் உச்சி என்பது தளத்தில் இல்லை, வாட்ஸ்அப்பில் இருக்கிறது. யாராக இருந்தாலும் கடைசியில் அங்கேதான் வருகிறார்கள். யார் விசாரித்தாலும் முதல் பதிலாகப் போக வேண்டிய செய்தியை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டூர் லிங்க், பிளான், கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு), யூடிஎஸ் (ஃபிளாட்டுக்குச் சேரும் நிலப் பங்கு) எவ்வளவு, கட்டி எத்தனை வருடம், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் மூடியதா திறந்ததா. கீழே ஒரு வரி: "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நேரம் ஒதுக்குகிறோம்." பார்த்தவருக்கு மட்டும் நேரம் கொடுங்கள். "ஹாலில் ஜன்னலுக்கு அடியில் இருப்பது என்ன?" என்கிற மாதிரி ஒரு கேள்வி வந்தால் அவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். வரும் புரோக்கர்களுக்கும் இதே செய்தியைக் கொடுங்கள். அவர்களும் பத்து வீட்டுக்கு அலைவதைவிட லிங்க் அனுப்புவதையே விரும்புவார்கள்.

ஒரு விஷயம். 360 படத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது 360 படம் என்பதைச் சொல்லும் குறிப்பு படக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அது கழன்றுபோய்விடும். எதிரில் இருப்பவருக்கு நீட்டி வளைத்த ஒரு விநோதப் படம்தான் கிடைக்கும். எப்போதும் லிங்க் மட்டும். லிங்க்கோடு சின்னதாக வரும் முன்னோட்டப் படம் எது என்பதை டூர் செய்தவரிடம் சொல்லி மாற்ற முடியும். அங்கே அவருடைய நிறுவனத்தின் சின்னத்துக்குப் பதில் உங்கள் ஹால் வரட்டும்.

புரோக்கர் தன் சொந்த வலைத்தளத்தில் போடுவதாக இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். பக்கத்தின் நடுவில் டூரை அப்படியே திறந்து வைக்கக் கூடாது. கைப்பேசியில் விரலால் பக்கத்தைக் கீழே தள்ள நினைப்பவரின் விரல் டூரில் மாட்டிக்கொள்ளும். பக்கம் நகராது, வீடு சுற்றும். எரிச்சலில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் திரையிலேயே ஒரு படம், அதன் மேல் "வீட்டுக்குள் நடந்து பாருங்கள்" என்று பெரிய பொத்தான், தட்டினால் முழுத் திரையில் திறக்க வேண்டும், மூடினால் விட்ட இடத்துக்கே வர வேண்டும். தட்டுவதற்கு முன் டூர் தானாக இறங்கவும் கூடாது. இருப்பதிலேயே சுமாரான ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் பொறுமை எந்த இடத்தில் தீர்கிறதோ அந்த இடத்தில்தான் வாங்குபவரின் பொறுமையும் தீரும்.

இனி டூரைப் பற்றி. நீங்கள் அனுப்பியதை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். படங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அது ஹாலின் நடுவில், டிவியைப் பார்த்தபடி தொடங்குகிறது. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஓரடி தள்ளி, உள்ளே பார்த்தபடி தொடங்க வேண்டும். வீட்டுக்குள் மனிதர் எப்படி நுழைவாரோ அப்படி. நுழைந்தவுடன் இடது வலது தெரிந்துவிட்டால் பிறகு வழி தவறாது. தொடக்கப் படத்தையும் பார்வைக் கோணத்தையும் மாற்றுவது சில நிமிட வேலை, மறுபடி படம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பாத்ரூம்கள் இல்லை, சர்வீஸ் ஏரியா இல்லை, படிக்கட்டு இல்லை, கார் நிறுத்தும் இடம் இல்லை. அழகாக இல்லாததை எல்லாம் விட்டிருக்கிறார்கள். விட்ட இடத்தில்தான் பார்ப்பவருக்குச் சந்தேகம் பிறக்கும். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி என்றால் படிக்கட்டைக் கட்டாயம் காட்டுங்கள். வயதானவர்கள் உள்ள குடும்பம் பார்த்து முடிவு செய்துகொள்ளும். மோட்டார், சம்ப், மொட்டை மாடி, வாசலில் நின்றால் தெரியும் தெரு, இவற்றுக்கு ஒவ்வொரு படம். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு எல்லாம் சேர்த்துப் பதினைந்து படம் தேறும். அதற்கு மேல் போனால் நடந்து முடியாது.

விட்டுப்போன இடங்களுக்காக மறுபடி எடுக்க ஆள் வரும் நாளைக்கு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனென்றால் அது அவருக்குக் கொஞ்சம் சிரமமான நாள். இந்தக் கேமரா நாலா பக்கமும் பார்க்கும். அறையில் ஒருவரும் இருக்கக் கூடாது, எடுக்கிறவரும் வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று போனில் பொத்தானை அழுத்துவார். ஜன்னல் வெளிச்சமும் உள் நிழலும் சேர்ந்து தெரிய, ஒரே இடத்தில் வெளிச்சம் கூட்டிக் குறைத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குவார்கள். மின்விசிறி ஓடினால் அந்த இடம் பேய் மாதிரி கலங்கித் தெரியும் என்பதால் எல்லா விசிறியையும் நிறுத்தச் சொல்வார்கள். சென்னை வெயிலில் இரண்டு மணி நேரம் விசிறி இல்லாமல், அறைக்கு அறை இடம் மாறி, படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். வேளச்சேரியில் ஒரு வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி தன் நாற்காலியை விட்டு எழ முடியாதவர். அந்த அறையைப் பாதி பாதியாக இரண்டு முறை எடுத்து, அவர் நாற்காலியை ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் நகர்த்தி, பிறகு ஒட்டினோம். செய்ய முடியாதது இல்லை, சொன்னால் செய்வார்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் நன்றாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. கேமராவை நாலரை அடி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். உயரத்தில் வைத்தால் வீடு பொம்மை வீடு மாதிரி குறுகித் தெரியும்.

மேட்டர்போர்ட் மாதிரி எடுக்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது, 2025இல் கோஸ்டார் வாங்கிவிட்டது. அந்த வகை டூரில் படத்தோடு தூரமும் பதிவாகிறது. 2022இல் வந்த அவர்களுடைய ப்ரோ3 கேமரா லேசரால் அளக்கிறது. அதனால் வீட்டை மேற்கூரை இல்லாத பொம்மை வீடாகத் திருப்பிப் பார்க்கலாம், சுவரிலிருந்து சுவருக்குத் திரையிலேயே அளக்கலாம். பெரிய தனி வீடு, மாடி மேல் மாடி, வாங்குபவர் வெளிநாட்டில் என்றால் அந்தச் செலவு நியாயம். உங்கள் வீட்டுக்கு, ஒன்றோடொன்று கோத்த சாதாரண 360 படங்களும் அளவு எழுதிய ஒரு பிளானும் போதும். மிச்சமாகும் பணத்தில் ஹாலுக்கு ஒரு கோட் பெயின்ட் அடியுங்கள்.

பெரிய பெட்ரூம் மேற்கூரையில் ஈரக் கறை ஒன்று தெரிகிறது. அதைப் படத்தில் அழித்துவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கையில் ஒரு கிளிக் வேலைதான், ஆனால் வருகிறவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது மேற்கூரையைத்தான். படத்தில் இல்லாத கறை நேரில் இருந்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும், பத்திரத்தைக்கூட, அவர் நம்ப மாட்டார். கறையின் மேல் ஒரு ஹாட்ஸ்பாட், அதாவது தட்டினால் குறிப்பு திறக்கும் புள்ளி, வையுங்கள். எந்த வருடம் ஒழுகியது, என்ன வேலை செய்தீர்கள், அதற்குப் பின் வந்த மழையில் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். ரிப்பேர் பில் இருந்தால் அதன் படத்தையும் சேருங்கள். பேரம் பேச வருகிறவரும் அதற்குமேல் அதைப் பற்றிப் பெரிதாக இழுக்க முடியாது.

உங்கள் தம்பி புது ஃபிளாட் ஒன்றை டூர் பார்த்தே புக் செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டி முடிக்காத வீட்டுக்கு வரும் டூர் படமல்ல, கணினியில் வரைந்தது. அதில் வரும் சோபாவும் கட்டிலும் அளவில் சிறிதாக வரையப்பட்டிருக்கலாம், அப்போது அறை பெரிதாகத் தெரியும். பில்டர்களை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம், 12ஆம் பிரிவு இங்கே துணைக்கு வரும். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு தர வேண்டும். திட்டத்திலிருந்தே விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம் விளம்பரம்தான், டூரும் சேர்த்து. ஆனால் காட்டியது என்ன என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. பணம் கட்டுவதற்கு முன்பே டூர் முழுவதையும் திரைப் பதிவாக எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விளம்பரத்தில் ரேரா பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணைக் கொண்டு தமிழ்நாடு ரேரா தளத்தில் அங்கீகரித்த பிளானையும் கார்பெட் ஏரியாவையும் டூரோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

திரும்ப உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எனக்குக் கவலையாக இருப்பது இது ஒன்றுதான். அந்த டூரில் உங்கள் அப்பாவின் மாத்திரை டப்பா, பீரோவில் தொங்கும் சாவி, கேஸ் புத்தகம், பேரக்குழந்தைகளின் படங்கள், வாசல் கதவின் தாழ்ப்பாள் எல்லாம் பெரிதாக்கிப் பார்க்கும்படி இருக்கின்றன. வைஃபை பெட்டியில் ஒட்டிய பாஸ்வேர்டைக்கூட என்னால் படிக்க முடிந்தது. இரண்டு முதியவர்கள் தனியாக இருக்கும் வீடு. இன்றைக்கே அந்த டூரை எல்லோரும் பார்க்கும் நிலையிலிருந்து மாற்றி, லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள், பாஸ்வேர்டு போட முடிந்தால் போடுங்கள். மறுபடி எடுக்குமுன் இவற்றை ஒரு பெட்டியில் போட்டு உள்ளே வைக்கச் சொல்லுங்கள். தப்பி விழுந்ததை மங்கலாக்கலாம். பூஜை அறையைக் காட்ட அம்மாவுக்கு மனமில்லை என்றால் அதன் கதவை மூடியே எடுக்கட்டும், பெயரும் அளவும் எழுதினால் போதும். கதவு எண் டூரிலோ விளம்பரத்திலோ வேண்டாம், நேரம் ஒதுக்கிய பின் சொல்லிக்கொள்ளலாம்.

டூர் காட்டாதவையும் உண்டு. போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ தண்ணீர் எந்த நாளில் வருகிறது, மேற்குச் சுவர் பிற்பகலில் எவ்வளவு கொதிக்கும், மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, இவற்றை டூருக்குக் கீழேயே நான்கு வரியில் எழுதுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தென் சென்னையில் வீடு வாங்க வருகிற யாரும் தண்ணீர்க் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. வெளியூர்க்காரர் டூரைப் பார்த்தே டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்றால் வாங்கிக்கொள்ள அவசரப்படாதீர்கள். சொந்தத்தில் ஒருவரை நேரில் அனுப்பச் சொல்லுங்கள், வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் அவருடைய வக்கீல் பார்க்கட்டும். நேரில் பார்க்காமல் கொடுத்த பணத்தில்தான் பின்னால் மனஸ்தாபம் வருகிறது, அதை உங்கள் பெற்றோர் இந்த வயதில் சுமக்க வேண்டாம்.

வீடு வாங்கியவர் பெயரில் பத்திரப் பதிவு ஆனதும் டூரை நீக்கிவிட மறக்காதீர்கள். அதற்கப்புறம் அது வேறு ஒரு குடும்பத்தின் வீடு. பழைய டூர்கள் வருடக்கணக்காகத் திறந்து கிடப்பதை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். நீக்குவதற்கு முன் மூலப் படங்களை டூர் செய்தவரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி எடுக்க வரும்போது விளம்பர வேலை முடிந்த கையோடு, சாவியும் மாத்திரை டப்பாவும் அதனதன் இடத்துக்குத் திரும்பிய பிறகு, பூஜை அறைக் கதவைத் திறந்து வைத்து ஒரு படம் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அப்பா அம்மா இருவரும் தாராளமாக அதில் உட்காரலாம்.